கை சுத்தம்

மூன்றாவது தட்டில் ஒரு பெட்டி தலைகீழாக இருந்தது. அலமாரியின் திரைத்துணியை ஒதுக்கியதுமே வேணியின் கண் அதன்மேல்தான் விழுந்தது. மற்ற எல்லாப் பெட்டிகளின் முதுகிலும் சினிமாப் படத்தின் பெயர் மேலிருந்து கீழே இறங்க, அதில் மட்டும் எழுத்துகள் கீழிருந்து மேலே ஏறிக்கொண்டிருந்தன. அவள் அப்படி வைக்கிறவள் இல்லை. பாதித் தூக்கத்தில் எழுப்பிக் கையில் கொடுத்தாலும் சரியாகத்தான் வைப்பாள். அப்படியானால் இன்னொருத்தர் கை இங்கே வந்து போயிருக்கிறது. எப்போது? வியாழக்கிழமை. வேறு எப்போது இருக்க முடியும், அவள் வெளியே போனதே வியாழக்கிழமை மட்டும்தானே. பென்ஷன்காரர்கள் நவம்பர் மாதம் பேங்குக்குப் போய் நான் இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வர வேண்டும், அதற்குப் போனாள், வரிசை, மழை, ஆட்டோ கிடைக்கவில்லை, வீடு வந்து சேர இருட்டிவிட்டது. அவ்வளவு நேரம் போதும். அவ்வளவு நேரத்தில் எதையும் எடுக்கலாம், எதையும் மாற்றி வைக்கலாம். அறையைப் பூட்டிக்கொண்டு போயிருக்க வேண்டும். பூட்டினால் கீழே அமுதாவின் முகம் சுருங்கும். சொந்தத் தங்கச்சி வீட்டு மாடியில் இருந்துகொண்டு பூட்டு எதுக்கு அக்கா என்பாள், அதையும் நேராகக் கேட்கமாட்டாள், சாம்பார் ஊற்றும்போது கேட்பாள். அதனால் பூட்டுவதில்லை. வேணி பெட்டியை உருவினாள், திறந்தாள். டிஸ்க் இருந்தது. இருந்ததுதான் இன்னும் சந்தேகமாக இருந்தது. திருடுகிறவன் எடுத்துக்கொண்டு போவான், எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைக்கிறவன் எதற்காக வைக்கிறான்? மூடியின் உள்பக்கம் காய்ந்துபோன ஒரு துளி, வெள்ளையாக, வட்டமாக. ஈரக் கை. யாரோ ஈரக் கையோடு எடுத்திருக்கிறார்கள். கீழே சமையலறையில் ரவை வறுபடும் வாசனை வந்தது. சாயங்காலம் சம்பந்தி வீட்டார் வருகிறார்கள், அமுதாவின் மகள் சுபாவின் வளைகாப்புக்கு நாள் பார்க்க. காலையிலேயே அமுதா சொல்லிவிட்டாள், அக்கா, நீ கொஞ்சம் சீக்கிரம் சாப்பிட்டுடு, எனக்குக் கேசரி கிளறணும். அந்தக் கொஞ்சம் சீக்கிரத்துக்குள் என்ன இருந்தது? சாப்பிட்டுவிட்டு மேலேயே இரு, கீழே வராதே என்றுதானே?

சலவை போட்ட வெள்ளைத் துணியைக் கட்டிலில் விரித்து மூன்றாவது தட்டிலிருந்த பெட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினாள். மாதம் ஒருமுறை ஒரு தட்டு என்று வைத்துக்கொண்டிருந்தாள், இது ஐப்பசி, மழைக்காலத்தில் எல்லாவற்றையும் கவனிக்க வேண்டும், சுவரே வியர்க்கிறது. மாத்திரை டப்பாவிலும் செருப்புப் பெட்டியிலும் வரும் ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலங்களை அவள் வெளியே போட்டதே கிடையாது, வெயில் நாளில் காயவைத்து மறுபடி தட்டுகளின் மூலையில் செருகுவாள். பெட்டியின் நடுவில் இருக்கும் பல்லை அழுத்தினால் டிஸ்க் தானாக எழும்பும், விளிம்பைப் பிடித்து இழுக்கக்கூடாது, இழுத்தால் வளையும், வளைந்தது வளைந்ததுதான். மூக்குக்கண்ணாடி துடைக்கிற மெல்லிய துணியால் நடு ஓட்டையிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைக்க வேண்டும், வட்டமாகத் துடைக்கவே கூடாது. யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. சொல்லித்தருகிற அளவுக்கு யார் இருந்தார்கள்? ஞானசேகரன் ஒருமுறை மேலே வந்து நின்று, அமுதாவின் புருஷன்தான், இரும்புக்கடை வைத்திருந்தவர், இதெல்லாம் இப்ப போன்லயே வருதே, எதுக்கு இத்தனை டப்பா என்றார். போனில் வருவது போனில் போய்விடும், அவருக்கு எப்படிப் புரியும். அவர் தியேட்டரில் தனியாக உட்கார்ந்திருக்கிற பெண்ணாக இருந்ததில்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், சம்பளம் வந்த வாரம், வேணி ஒரு மதியக் காட்சிக்குத் தனியாகப் போனாள். டிக்கெட் கிழிக்கிறவன் அவளுக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தான். தனியாவா, என்றான். விளக்கு அணைந்ததும் பக்கத்து நாற்காலியில் ஒரு முழங்கை வந்து உட்கார்ந்தது. நகர்ந்தாள், முழங்கையும் நகர்ந்தது. திரையில் ஒரு பெண் கப்பலின் மேல்தளத்தில் நின்று கரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், கரை சின்னதாகிக்கொண்டே போனது, அந்த இடத்தில் வேணி எழுந்து வெளியே வந்துவிட்டாள். அந்தப் பெண் ஊருக்குத் திரும்பினாளா இல்லையா என்று தெரிந்துகொள்ள இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று, ஒரு கடையில் அந்தக் கப்பல் படத்தின் டிஸ்க்கைப் பார்க்கும்வரை. இரண்டு வாங்கினாள். ஒன்று பார்ப்பதற்கு. இன்னொன்று வைத்திருப்பதற்கு. அதுதான் ஆரம்பம். கதவைச் சாத்திக்கொண்டு, காலை நீட்டிக்கொண்டு, பக்கத்தில் எவன் முழங்கையும் இல்லாமல் ஒரு படத்தைக் கடைசிவரை பார்ப்பது. அதற்குப் பிறகு அலமாரியில் ஒரு தட்டு, இரண்டு தட்டு, இன்றைக்குச் சுவர் முழுக்க.

கீழே பேச்சுக் குரல். வேணி துணியை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தாள். முப்பது வருஷம் எக்ஸ்சேஞ்சில் ஹெட்போனைக் காதில் மாட்டியிருந்த வேலை, சுவருக்கு அந்தப்பக்கம் யார் மூச்சை இழுத்துக்கொள்கிறார்கள் என்றுகூட அவளுக்குத் தெரியும். பொய் சொல்வதற்கு முன்னால் மனுஷர்கள் ஒரு சின்ன மூச்சு எடுத்துக்கொள்வார்கள். லைனில் புருஷன் பெண்டாட்டியிடம் ஆபீசில் இருக்கிறேன் என்பான், அந்த மூச்சு வரும். மகன் அம்மாவிடம் நல்லாத்தான் இருக்கேன் என்பான், அந்த மூச்சு வரும். அமுதாவின் குரல்: மேல ரூம்லதான் காத்து வரும், தொட்டில் கட்ட வசதி. பிறகு ஏதோ பாத்திரம் விழுந்த சத்தம். பிறகு ஞானசேகரன்: அந்த அலமாரிய எடுத்துட்டா இடம் தாராளமா இருக்கும், நான் ஒருத்தன்கிட்ட சொல்லி வச்சிருக்கேன். அமுதா: அக்கா ஒத்துக்கமாட்டா. அதற்கப்புறம் மூன்றாவது குரல், தாழ்வாக, வார்த்தை பிடிபடவில்லை, சுபாவின் குரல். ஓ. அப்படியா சங்கதி. யாரிடம் சொல்லி வைத்திருக்கிறார்? பழைய சாமான் எடுக்கிறவனிடமா? எடைக்கா? அதற்குத்தான் வியாழக்கிழமை ஆள் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறான், ஈரக் கையோடு, மழையில் நனைந்துகொண்டு வந்து. இல்லை, ஆள் வந்திருந்தால் தரையில் செருப்புத் தடம் இருந்திருக்கும், தடம் இல்லை. துடைத்திருப்பார்கள். அமுதாதான் துடைத்திருப்பாள். இல்லாவிட்டால் சுபா. வயிற்றைத் தள்ளிக்கொண்டு சுபாவால் தரை துடைக்க முடியுமா? ஆனால் மாடி ஏற முடியும். ஒரு டிஸ்க்கை எடுத்து, தொட்டு, திருப்பி வைக்க முடியும். முன்பு செய்தவள்தானே.

முன்பு செய்தவள். இங்கே வந்தால் எப்போதும் வேணியின் நினைவு ஒரு ஆணியில் மாட்டின புடவைபோல நின்றுவிடும், எவ்வளவு இழுத்தாலும் அதே இடம். சுபா சின்னப் பெண்ணாக இருந்தபோது சனிக்கிழமை தவறாமல் மேலே வருவாள், பெரியம்மா இன்னைக்கு என்ன படம் என்றுதான் படியேறும்போதே கேட்பாள். இந்த வீட்டில் அவள் ஒருத்திக்குத்தான் டிஸ்க்கைக் கையில் எடுக்க அனுமதி. விளிம்பில் ஒரு விரல், ஓட்டையில் ஒரு விரல், முகத்தில் அப்படி ஒரு கவனம், கோயிலில் தீபம் தூக்குகிறவள்போல. அழுகிற காட்சிகளில் அவள் வேணியின் முந்தானையைத்தான் எடுத்துக் கண்ணைத் துடைப்பாள். காலேஜ் போன பிறகும் வந்தாள். பிறகு அந்த நாள், பெண் பார்க்க வந்த நாள், நாலு வருஷத்துக்கு முன்னால். மாப்பிள்ளையின் அப்பா பேச்சுவாக்கில் அந்தக் கப்பல் படத்தைச் சொல்லி, அந்தக் காலத்துல ஏழு தடவை பார்த்தேன், இப்ப எங்க கிடைக்குது என்றார். எங்கிட்ட இருக்குங்களே என்று வேணிக்குப் பெருமை தாங்கவில்லை. மாடிக்கு ஓடினாள். பெட்டியைத் திறந்தால் டிஸ்க்கின் விளிம்பில் பழுப்பாக ஒரு கறை, கட்டைவிரல் அகலத்துக்கு, முறுக்கு தின்ற எண்ணெய்க் கையால் அழுத்திப் பிடித்ததுபோல. துடைத்தாள், போகவில்லை. பிளேயரில் போட்டு ஓட்டிப் பார்த்தாள், பாதியில் நின்றது. அப்படியே டிஸ்க்கோடு கீழே இறங்கினாள், கூடத்தில் எல்லாரும் இருக்க, மேஜையில் முறுக்குத் தட்டு இருக்க, சுபா புடவை கட்டிக்கொண்டு தலை குனிந்து நிற்க. இவ கை சுத்தமில்ல, எனக்கு அப்பவே தெரியும், கேட்டா இல்லவே இல்லம்பா. இவ்வளவுதான் சொன்னாள். கூடமே அமைதியாகிவிட்டது. எல்லாருக்கும் அது சரியென்று பட்டதால்தான் பேசாமல் இருக்கிறார்கள் என்று வேணி அன்றைக்கு நினைத்தாள். சுபா மட்டும், நான் எடுக்கல பெரியம்மா என்றாள், மூச்சு எடுத்துக்கொள்ளாமல். அந்த மூச்சு வரவில்லை என்பதை வேணி கவனித்தாள், கவனித்ததை ஒதுக்கினாள், சில பேர் அப்படியும் பழகிக்கொள்வார்கள். கல்யாணம் நல்லபடியாகவே நடந்தது. ஆனால் சுபா அதற்கப்புறம் மாடிப்படியில் கால் வைக்கவில்லை. ஓசூரில் மாமியார் வீட்டிலிருந்து வருவாள், போவாள், சாப்பிட்டீங்களா பெரியம்மா என்று கூடத்திலேயே கேட்டுவிட்டு நின்றுவிடுவாள். ஒரு டிஸ்க்குக்காக நாலு வருஷம் ஒருத்தி பேசாமல் இருப்பாளா? தப்புச் செய்யாதவள் என்றால் அடுத்த வாரமே வந்து சண்டை போட்டிருக்கமாட்டாளா? குற்றமுள்ள நெஞ்சுதான் இப்படி ஒதுங்கும். ஒதுங்கியதே சாட்சி. இப்படித்தான் நாலு வருஷமாக வேணி அந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தாள், போடும்போதெல்லாம் அதே விடை வந்தது, அதே விடை வருவதாலேயே மறுபடி மறுபடி போட்டுப் பார்க்கத் தோன்றியது.

தலைகீழாக இருந்த டிஸ்க்கை பிளேயரில் வைத்தாள். தட்டு உள்ளே போயிற்று, உறுமிற்று, உறுமல் நின்றது, நோ டிஸ்க் என்று எழுத்து வந்தது. டிஸ்க்கே இல்லையாம். அவள் கண் முன்னால் அதன் வயிற்றுக்குள் போனதை இல்லை என்கிறது. பக்கத்துப் பெட்டியைப் போட்டாள், பாட்டுவரை ஓடியது, கதாநாயகனின் முகம் சதுரம் சதுரமாக உடைந்து அப்படியே உறைந்தது. போன மாதம் இரண்டாவது தட்டில் இரண்டு போயிற்று. அதற்கு முந்தின மாதம் ஒன்று. அப்போது சுபா ஓசூரில் இருந்தாளே என்று ஒரு குரல் உள்ளே கேட்டது, வேணி அதைக் கேட்காததுபோல இருந்தாள். ஓசூர் என்ன கடல் தாண்டியா இருக்கிறது, வந்து போயிருப்பாள். இல்லை, அமுதா. அறையைக் காலி செய்ய நினைக்கிறவள் என்ன செய்வாள்? ஒவ்வொன்றாகக் கெடுப்பாள். எல்லாம் கெட்டுப்போச்சு அக்கா, இனிமே எதுக்கு வச்சுக்கிட்டு என்று சொல்ல வசதியாக இருக்கும். எண்ணெய்க் கையால் தடவினால் போதும். சோறு போடுகிற கை. ரசத்துக்குத் தாளிக்கிற கை. இல்லை, அமுதா அப்படி இல்லை. இல்லை என்று எப்படித் தெரியும், முப்பது வருஷம் ஊரார் பேச்சைக் கேட்டவளுக்கு மனுஷர்களைத் தெரியாதா. இன்றைக்கு முடித்துவிடலாம். கை படாத டிஸ்க் எப்படி இருக்கும், கை பட்டது எப்படி இருக்கும் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டிவிட்டால் அப்புறம் எவரும் வாய் திறக்க முடியாது. பீரோவின் உள் லாக்கரில் அம்மாவின் சங்கிலிக்குப் பக்கத்தில் இருந்தது அந்த இரண்டாவது கப்பல் படம், கடையில் வாங்கியபோது சுற்றியிருந்த மெல்லிய கண்ணாடித்தாள் பிரிக்காமல். அவளே பிரித்ததில்லை. லாக்கரின் சாவி அவள் பர்ஸில், பர்ஸ் அவள் தலையணைக்கடியில். இந்த உலகத்தில் எவர் விரலும் படாத ஒரு டிஸ்க் உண்டென்றால் அது இதுதான்.

மெதுவாகப் பிரித்தாள், புதுப் புடவையின் மடிப்பை முதல்முறை கலைப்பதுபோல. கண்ணாடித்தாள் சரசரவென்று கிழிந்தது. பெட்டியைத் திறந்தாள். புது வாசனை வரும் என்று எதிர்பார்த்தாள், புளித்த ஏதோ ஒன்று மூக்கைத் தொட்டது. பல்லை அழுத்தினாள், டிஸ்க் எழும்பியது. ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினாள். விளிம்பில் பழுப்பாக ஒரு கறை. கட்டைவிரல் அகலம். அங்கிருந்து உள்பக்கமாகப் புகை மாதிரி பரவி, நடுவில் ஊசி குத்தினதுபோல நாலைந்து இடத்தில் வெளிச்சம் வழிந்தது. வேணி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் தோன்றியது கடைக்காரன். ஏமாற்றிவிட்டான், பழைய டிஸ்க்கைப் புதுத்தாளில் சுற்றி விற்றிருக்கிறான், அவன் மூஞ்சியே சரியில்லை, நெற்றியில் பெரிய குங்குமம் வைத்துக்கொண்டு பேசினவன். ஆனால் இரண்டையும் ஒரே நாளில் ஒரே அடுக்கிலிருந்து எடுத்தான், ஒன்றைப் பத்து வருஷத்துக்கு மேல் நன்றாகத்தானே பார்த்தாள். சரி, ஞானசேகரன். இரும்புக்கடையில் சாவி போட்டுக்கொடுத்தவர், லாக்கர் சாவிக்கு மாற்றுச் சாவி போடுவது அவருக்கு ஒரு டீ குடிக்கிற நேரம். வேணி தூங்கும்போது பர்ஸை எடுத்து, சாவியை எடுத்து, லாக்கரைத் திறந்து, சங்கிலியை விட்டுவிட்டு, கண்ணாடித்தாளைக் கிழியாமல் பிரித்து, டிஸ்க்கில் எண்ணெய் தடவி, மறுபடி ஒட்டி. அவர் எதற்காக அதைச் செய்ய வேண்டும்? செய்வார். எதற்காக? காரணம் இருக்கும். என்ன காரணம்? அந்த இடத்தில் அவளுடைய எண்ணம் ஒரு கீறல் விழுந்த டிஸ்க் மாதிரி என்ன காரணம், என்ன காரணம் என்று நின்ற இடத்திலேயே சுற்றியது. கிழித்த தாளை எடுத்துப் பார்த்தாள். ஒட்டு வாய் அப்படியே இருந்தது, மடிப்புக்குள் இருந்த தூசுகூடக் கலையவில்லை. துணியை எடுத்துத் துடைத்தாள். நடுவிலிருந்து விளிம்புக்கு. போகவில்லை. வட்டமாகக்கூடத் துடைத்துப் பார்த்தாள். பிறகு நகத்தால் அந்தக் கறைமேல் மெதுவாகக் கீறிப் பார்த்தாள். நகத்துக்கு எதுவும் தட்டுப்படவில்லை. வழவழவென்று இருந்தது. திருப்பிப் போட்டுக் கீறினாள், அந்தப் பக்கமும் வழவழ. கறை மேலே இல்லை. உள்ளே இருந்தது. ஒட்டியிருக்கிற இரண்டு பிளாஸ்டிக் ஏடுகளுக்கும் நடுவில், எவரும் விரல் வைக்க முடியாத இடத்தில்.

முதல் டிஸ்க்கைத் தேடி எடுத்தாள். அதை அவள் தூக்கி எறியவில்லை, சாட்சி என்று தனியாக வைத்திருந்தாள். நகம் வைத்தாள். வழவழ. நாலு வருஷத்தில் ஒருநாள்கூட நகம் வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை. கண்ணால் பார்த்தது போதும் என்று இருந்தது. கட்டிலில் பரப்பியிருந்த பெட்டிகளின் நடுவில் வேணி உட்கார்ந்தாள், உட்காரவும் இடம் தேடித்தான் உட்கார்ந்தாள். யாரும் செய்யவில்லை. சுபா இல்லை, அமுதா இல்லை, ஞானசேகரன் இல்லை, குங்குமக்காரன் இல்லை. இதற்கு நிம்மதியாக இருக்க வேண்டும், இருக்கவில்லை. யாரோ செய்கிறார்கள் என்றால் கதவைப் பூட்டலாம், சாவியை இடுப்பில் செருகலாம், காதைத் தீட்டிக்கொண்டு இருக்கலாம். யாருமே செய்யவில்லை என்றால் என்ன செய்வது? பொட்டலம், துணி, திரை, நேர்கோடு, எல்லாவற்றையும் செய்தும் அவை பாட்டுக்கு உள்ளுக்குள்ளே கெட்டுக்கொண்டு போகின்றன, இப்போதுகூட, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே. சுவர் முழுக்க நிற்கிற பெட்டிகளில் எது எது ஏற்கெனவே போய்விட்டது என்று யாருக்குத் தெரியும். தன் உடம்புக்குள்ளே இப்படி ஏதாவது பரவிக்கொண்டிருக்கிறதா என்ற பயமும் ஒரு கணம் வந்துவிட்டுப் போயிற்று. அது போனதும் வேறொன்று வந்தது, அது போகவில்லை. கூடத்தின் அமைதி. முறுக்குத் தட்டு. புடவையில் குனிந்து நின்ற பெண். நான் எடுக்கல பெரியம்மா.

படியில் காலடி. மெதுவாக, இரண்டு படிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கி. வேணிக்கு யாரென்று தெரிந்தது, இருந்தும் நம்பவில்லை. சுபா கையில் காபி டம்ளரோடு வாசலில் நின்றாள், உள்ளே வரவில்லை.

"அம்மா குடுக்கச் சொன்னாங்க. எங்க மாமியார் வீட்ல எல்லாரும் வர நேரமாச்சு."

"நீ ஏன் ஏறி வந்தே, கூப்பிட்டிருந்தா நான் வந்திருப்பேனே."

"அம்மா உங்ககிட்ட ஒண்ணு கேக்கச் சொன்னாங்க. நான் கேக்கமாட்டேன்னுட்டேன். இருந்தாலும் ஏறி வந்துட்டேன்." சுபா உள்ளே வந்து காபியை மேஜைமேல் வைத்தாள். "இந்த ரூமைத்தான். குழந்தைக்கு. நீங்க குடுக்க வேணாம். நாங்க கீழயே பாத்துக்கறோம்."

வேணி சந்தேகப்பட்டதில் இது ஒன்று சரியாகத்தான் இருந்தது. ஆனால் சரியாக இருந்ததில் இப்போது ஒரு சுவையும் இல்லை.

"வியாழக்கிழமை நீ மேல வந்தியா?"

கேட்டபின்தான் அந்தக் கேள்வி எப்படி ஒலித்தது என்று வேணிக்கு உறைத்தது. சுபாவின் முகம் அடைத்துக்கொண்டது, கதவு சாத்தினதுபோல.

"வந்தேன். ஜன்னல் திறந்து கிடந்துச்சு, சாரல் அலமாரிமேல அடிச்சிட்டிருந்துச்சு. மூடினேன். நனைஞ்ச பெட்டியைத் திறந்து துடைச்சு வச்சேன். கை கழுவிட்டுத்தான் தொட்டேன் பெரியம்மா."

"அதைக் கேக்கல."

"வேற எதைக் கேட்டீங்க?"

வேணி இரண்டு டிஸ்க்குகளையும் கட்டிலின் ஓரத்தில் அவளுக்குத் தெரியும்படி வைத்தாள். கிழித்த கண்ணாடித்தாளையும் வைத்தாள். ஊரார் பேசுவதையெல்லாம் இணைத்துவிட்டவளுக்குத் தனக்கென்று ஒரு வாக்கியம் கிடைக்கவில்லை. "இது பிரிக்காம இருந்தது. இன்னைக்குத்தான் பிரிச்சேன். இதுலயும் அதே கறை. உள்ள இருக்கு. தானா வந்திருக்கு." கடைசியில், "நீ இல்ல" என்றாள்.

சுபா பார்த்தாள். குனிந்து பார்க்க முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே பார்த்தாள். வேணி ஒரு சிரிப்பை எதிர்பார்த்தாள், இல்லாவிட்டால் அழுகையை. இரண்டும் வரவில்லை.

"நான் இல்லேன்னு எனக்கு அன்னைக்கே தெரியும் பெரியம்மா. உங்களுக்குத்தான் இன்னைக்குத் தெரியுது."

"எண்ணெய்க் கைன்னு நெனச்சேன். கை சுத்தமில்லன்னு அதைத்தான் சொன்னேன்."

"நீங்க எண்ணெயைச் சொன்னீங்க." சுபா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாள். "அவங்க என்ன கேட்டாங்கன்னு ஒரு தடவையாவது யோசிச்சீங்களா? கை சுத்தமில்லாத பொண்ணு, கேட்டா இல்லம்பா. பெத்தவங்களுக்குச் சமமானவங்க, கூடவே வளர்த்தவங்க, கூடத்துல வச்சுச் சொல்றாங்க. அப்ப அது என்ன அர்த்தம்?"

வேணியின் காதில் அந்த வாக்கியம் முதல்முறையாக வெளியிலிருந்து வந்து விழுந்தது, லைனில் யாரோ பேசுவதுபோல. கை சுத்தமில்லாதவள். திருடி. அன்றைக்குக் கூடத்தில் விழுந்த அமைதி அதுதான். எண்ணெய்க்காக யார் அப்படி அமைதியாவார்கள்.

"நாலு வருஷமா எங்க மாமியார் பீரோ சாவியை இடுப்பைவிட்டு எடுக்கறதில்ல. குளிக்கப் போனாக்கூட. ஒருநாள் மோதிரத்தைக் காணோம்னு வீடே தேடினோம், சோப்பு டப்பாவுல கிடந்துச்சு. கிடைக்கறவரைக்கும் அவங்க என் பையைப் பாத்துட்டே இருந்தாங்க. வாயால ஒரு வார்த்தை கேட்டதில்ல. கேட்டிருந்தா பதிலாவது சொல்லியிருப்பேன். எங்க வீட்டுக்காரருக்குத் தெரியும் நான் அப்படி இல்லேன்னு, ஆனா அவங்க அம்மாகிட்ட எப்படிச் சொல்வாரு, எதைன்னு சொல்வாரு?"

"நீ ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னேனே. நான் எடுக்கலன்னு."

வெளியே கார் வந்து நிற்கும் சத்தம். கீழே அமுதாவின் குரல் உயர்ந்தது, வாங்க வாங்க. சுபா எழுந்திருக்க முயன்றாள். வேணி கை நீட்டினாள், சுபா நாற்காலியின் கையைப் பிடித்தே எழுந்துகொண்டாள்.

"உங்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்மா."

"எங்கிட்ட கேட்டு என்ன ஆகப்போகுது பெரியம்மா. எனக்குத் தெரிஞ்சதுதானே. இதைக் காதால கேக்க வேண்டியவங்க கீழ உக்காந்திருக்காங்க." அதைக் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு இறங்கிப்போனாள், ஒவ்வொரு படியாக, சுவரைப் பிடித்துக்கொண்டு.

காபி ஆறிக்கொண்டிருந்தது. இறங்கினால் என்ன நினைப்பார்கள்? இறங்காவிட்டால்? சுபா ஏன் இன்றைக்குப் பார்த்து மேலே வந்தாள், சம்பந்தி வருகிற நேரமாகப் பார்த்து, இதைச் சொல்லவைக்கத்தானோ? அந்த நினைப்பு வந்த வேகத்தில் வேணிக்கே தூக்கிவாரிப் போட்டது. இதோ, மறுபடி. நகம் வைத்துப் பார்ப்பதற்குள் மறுபடி கறை. அவள் எழுந்தாள், புடவையைச் சரிசெய்துகொள்ளாமலே இரண்டு டிஸ்க்குகளையும் எடுத்துக்கொண்டு இறங்கினாள். பாதிப் படியில் நின்றாள். திரும்பிப் போய்விடலாம், வளைகாப்பு முடியட்டும், குழந்தை பிறக்கட்டும், பேர் வைக்கும்போது சொல்லிக்கொள்ளலாம். கீழேயிருந்து கேசரியின் நெய் வாசனை வந்தது, அந்த வாசனைக்குள்ளேயே அவள் கூடத்துக்குள் வந்து நின்றாள்.

அமுதாவின் கண் முதலில் டிஸ்க்மேல் போய் அப்படியே பயத்தில் விரிந்தது. ஞானசேகரன் நாற்காலியில் முன்னுக்கு நகர்ந்தார். சுபாவின் மாமியார் பங்கஜம் கையில் தண்ணீர் டம்ளரோடு நிமிர்ந்து பார்த்தாள், கனமான உடம்பு, இடுப்பில் செருகியிருந்த சாவிக்கொத்து புடவை மடிப்புக்கு வெளியே தெரிந்தது.

"சம்பந்தியம்மா, நாலு வருஷத்துக்கு முன்னாடி இதே இடத்துல நான் ஒரு வார்த்தை சொன்னேன். சுபா கை சுத்தமில்லன்னு."

"அக்கா, இப்ப எதுக்கு அது..." என்றாள் அமுதா.

"இரு. நான் சொன்னது எண்ணெய்க் கைய. இந்தப் படத்துல கறை இருந்துச்சு, இவ முறுக்கு தின்ன கையோட தொட்டான்னு நெனச்சேன். அதுவும் பொய். இவ தொடவே இல்ல. இன்னொண்ணு பிரிக்காம வச்சிருந்தேன், அதுலயும் அதே கறை வந்திருக்கு, இந்தாங்க, பாருங்க. இவ ஒரு குண்டூசிகூடக் கேக்காம எடுக்கமாட்டா. நான் வளர்த்த பொண்ணு, எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சொன்னேன். தப்பு என்னோடது."

பங்கஜம் டம்ளரைக் கீழே வைத்தாள். டிஸ்க்குகளை வாங்கவில்லை. ஒருமுறை அவற்றைப் பார்த்தாள், ஒருமுறை வாசலோரம் நின்ற சுபாவைப் பார்த்தாள், அப்புறம் வேணியின் முகத்தில் கண்ணை நிறுத்தினாள். கண் கொஞ்சம் சுருங்கியது, தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சொன்னதைக் கேட்கிறதைவிட சொன்னதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்கிற சாய்வு. வேணிக்கு அந்தச் சாய்வு நன்றாகத் தெரியும், அவளுடைய கழுத்து முப்பது வருஷம் அப்படித்தான் சாய்ந்திருந்தது. அதன் எதிரில் நிற்பது எப்படி இருக்கும் என்று மட்டும் இதுவரை தெரியாது. எவ்வளவு நேராக நின்றாலும் கோணலாக நிற்பதுபோல இருந்தது. சொன்ன உண்மை நாக்கிலேயே பொய் மாதிரி கசந்தது.

"இத்தனை நாள் விட்டுட்டு இதை இப்ப ஏன் சொல்றீங்க?" என்றாள் பங்கஜம் நிதானமாக. "பொண்ணு சொல்லச் சொன்னாளா?"

சுபா வாசலில் நின்றபடியே கண்ணை மூடிக்கொண்டாள். வேணிக்கு வாயில் பதில் வந்து முட்டியது, கோபமாக, உங்களுக்கு எதைச் சொன்னாலும் சந்தேகமா என்று. அதைக் கேட்கத் தனக்கு எந்த யோக்கியதையும் இல்லை என்பதும் கூடவே வந்து முட்டியது. அவள் மூலையில் இருந்த நாற்காலியை இழுத்தாள், தரையில் கிரீச்சிட்டுக்கொண்டு வந்தது, பங்கஜத்துக்கு நேர் எதிரில் போட்டு உட்கார்ந்தாள்.

"நீங்க அப்படித்தான் கேப்பீங்க. உங்க எடத்துல இருந்தா நானும் அதைத்தான் கேப்பேன். கேளுங்க, இன்னும் என்ன கேக்கணுமோ எல்லாத்தையும் கேளுங்க. நான் எழுந்து போகமாட்டேன்."